பெற்றோர் இருவரும் வரவும்

ஜூலை 9

சின்னவளின் அப்பாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிட வேண்டாம். அவள் நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாள். நம் வீட்டுச் செய்தி எதுவும் இனி இந்த வரியில்தானே ஆரம்பிக்க முடியும்.

போன் செய்திருக்கலாம். போனில் நாம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் கத்துகிறோம். அவள் அடுத்த அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் புரட்டாமல் உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வரும் இருபதாம் தேதி, சனிக்கிழமை, பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அவள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு, பி பிரிவு. வகுப்பாசிரியை அதே கணக்கு டீச்சர். பெரியவனுக்கு இருந்தவரேதான். பிரிவை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்தில் போய் நின்றேன். அலுவலகம் வாசலை ஒட்டி இருப்பதால் அதுவரை போக முடிந்தது. "ஏ பிரிவுல இடமே இல்லம்மா. ஏன், அந்த டீச்சர் மேல ஏதாவது புகாரா?" என்று குமாஸ்தா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெரியவன் நம்மை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் நாம் போகவில்லை. நாலாம் வகுப்பு டீச்சரும் ஐந்தாம் வகுப்பு டீச்சரும் விஷயம் தெரிந்தவர்கள், வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும், கடையில் சரக்குச் சரிபார்ப்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை சரிபார்ப்பா என்று அவர்களுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இந்தத் தடவை சின்னு என்ன செய்தாள் தெரியுமா? வந்த சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்து, 'கலந்துகொள்வோம்' என்ற கட்டத்தில் குறி போட்டு, என் கையெழுத்தையும் அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். மேல்பாதியை மட்டும் என்னிடம் காட்டினாள்.

"ஏன்டி இப்படிச் செஞ்சே?" என்றேன்.

"உனக்கு வேலை ஜாஸ்தியாச்சேம்மா. அதான் நானே போட்டுட்டேன்."

என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போடுகிறாள்.

பெரியவனுக்காகக் கடைசியாக நடந்த கூட்டத்துக்கு நீங்கள்தான் போனீர்கள். இதற்கும் நீங்களே வந்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வர வேண்டாம் என்றாலும் சரி, பள்ளிக்கு மட்டும் வாருங்கள். அந்த டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியாது. காரணம் கேட்க வேண்டாம்.

சின்னவளின் அம்மா


ஜூலை 14

சின்னவளின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னால் வர முடியாது.

லீவு கேட்டால் கிடைக்கும். அது காரணம் இல்லை. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூட வராந்தாவில் கால் வைத்தாலே வீட்டுப்பாடம் செய்யாதவன் போல இன்றைக்கும் சுவரோரமாகத்தான் நடப்பேன். அந்தக் கூட்டத்தன்று நீ இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரியவன் பக்கத்தில் நின்றான். டீச்சர் சொன்னார், "உங்க பையனுக்கு ஒண்ணும் இல்ல சார். நடிக்கிறான். போர்டு தெரியலைங்கிறான், கிளாஸ்ல தூங்கறான். வீட்ல கொஞ்சம் கண்டிப்பா இருங்க."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அடித்தேன். நாலு பேர் பார்க்க, கன்னத்தில், இரண்டு அடி. அதற்கப்புறம் தொண்ணூற்றாறு நாள்தான் இருந்தான். தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டிருந்த பிள்ளையை அடித்திருக்கிறேன்.

"அந்தக் கையால என்னைத் தொடாதீங்க" என்று நீ சொன்னாய். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் வேறு துறைமுகத்துக்கு மாற்றல் கேட்டு வந்தேன்.

இங்கே கிரேன் கேபின் நாற்பது மீட்டர் உயரம். காலடியில் கண்ணாடி. கீழே ஆட்கள் தீக்குச்சி மாதிரித் தெரிவார்கள். நான் ஒரு விரல்கடை கையை அசைத்தால் கீழே இருபது டன் அசையும். "உங்க கைதான் கை அண்ணே. முட்டையைக்கூட உடையாம இறக்கி வெச்சுடுவீங்க" என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். சிரித்துவைக்கிறேன்.

நீயே போய்விட்டு வா. நீ பேசத் தெரிந்தவள். எனக்கும் அந்த டீச்சருக்கும் இனிமேல் பேச்சு இல்லை.

சின்னவளின் அப்பா


ஜூலை 22

சின்னவளின் அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்தது. நீங்கள் வரவில்லை. நானும் போகவில்லை. போகவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாசல் வரை போனேன்.

கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பத்தரைக்கே போய்விட்டேன். உள்ளே நுழையக் கால் வரவில்லை. எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். சும்மா நிற்க முடியாதே என்று என் அடையாள அட்டையை நாலு பிரதி எடுத்தேன். பிறகு இன்னும் நாலு. "எத்தனை இடத்துலம்மா குடுக்கணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

அங்கே நின்று மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை உடுப்போடு வந்த ஒருவர் பைக் கண்ணாடியில் குனிந்து தலை வாரிக்கொண்டார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு வந்தது. உள்ளே போனார்கள். சண்டை போட்டாவது சேர்ந்து வந்தார்களே என்று இருந்தது எனக்கு.

ஒரு மணிக்குக் கடைசி ஆளாக சின்னு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. சாலையைக் கடந்து வந்து என் கையிலிருந்த காகிதங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர்கிட்ட என்னடி சொன்னே?"

"எங்க வீட்ல வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். பன்னிரண்டரை வரைக்கும் அப்படியே சொல்லிட்டிருந்தேன். அப்புறம் நானே உட்கார்ந்துட்டேன்."

"எங்கே?"

"நீங்க உட்கார்ற நாற்காலியிலதான். 'எங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா டீச்சர்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"நல்லாப் படிக்கிறாளாம். ஆனா ரொம்ப சமத்தா இருக்காளாம். இந்த வயசுல இவ்வளவு சமத்தா இருக்கக் கூடாதாம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்றும் சொன்னாள். அந்த டீச்சர் தினமும் காலையில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய், ஒவ்வொரு பிள்ளையிடமும் போர்டு தெரிகிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்கிறாராம். பிள்ளைகள் அவருக்குத் தலைவலி டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "நீ என்ன சொல்வே?" என்று கேட்டேன்.

"இல்லைன்னுதான்."

"நிஜமாவே வலிச்சா?"

"அப்பவும் இல்லைன்னுதான் சொல்வேன். சொன்னா நீங்க ரெண்டு பேரும் பயந்துடுவீங்களே."

பதினோரு வயதுக் குழந்தை. நம்மைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளை இப்படி ஆக்கியது நாம்தான். நீங்கள் பாதி, நான் பாதி.

நான் பேசத் தெரிந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு என்ன பேசத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது.

சின்னவளின் அம்மா


ஆகஸ்ட் 3

சின்னவளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். அப்படிச் செய்யக் கூடாது. கீழே நின்று சைகை காட்டும் ஆளுக்குத் தொப்பி என்று பெயர், தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்ற மாட்டான் என்பார்கள். அவன் வாக்கிடாக்கியில், "அண்ணே, மேல உயிரோட இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. நாற்காலியில் அவளே உட்கார்ந்து அவளைப் பற்றிக் கேட்டாள் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நீ ஒன்று சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அடித்ததை நீ ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டாய். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ கடையில் இருந்தாய். அவனை உட்கார வைத்துப் பத்துக் கணக்குப் போடச் சொன்னேன். போட்டான். எண்கள் கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் பக்கத்தின் மூலைக்கு ஓடின. "என்னடா இது, திமிரா?" என்று கிழித்துப் போட்டு மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதினான். வரிசை தப்பாமல் வந்தது. "பார்த்தியா, மனசு வெச்சா வருதுல்ல" என்றேன். அவனும் ஆமாம்ப்பா என்றான்.

ஏன் கண்ணைப் பொத்தினான் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவன் மறைக்கிற பிள்ளை இல்லை.

அக்டோபரில் அடுத்த கூட்டம் வரும் என்று சின்னு போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தேதிகூடச் சொன்னாள், பத்தொன்பது என்று. வருகிறேன். அவளுக்காக வருகிறேன். சண்டை போட மாட்டேன், குரல்கூட உயர்த்த மாட்டேன். டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். எதை வைத்து அவன் நடிக்கிறான் என்று சொன்னீர்கள்? பதில் தெரிந்தால் போதும். இரண்டு வருடமாக நெஞ்சில் முள் மாதிரி கிடக்கிறது அந்த ஒரு சொல்.

சின்னவளின் அப்பா


ஆகஸ்ட் 12

சின்னவளின் அப்பாவுக்கு,

அந்தக் கேள்வியை டீச்சரிடம் கேட்க வேண்டாம். பதில் என்னிடம் இருக்கிறது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதினான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடையில் லென்ஸ் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இதை உங்களுக்கு எழுத நாலு நாள் ஆனது.

நீங்கள் கூட்டத்துக்குப் போனதற்கு இரண்டு வாரம் முன்னால் டீச்சர் அவன் டைரியில் ஒரு சீட்டு வைத்து அனுப்பியிருந்தார். 'போர்டில் எழுதுவது இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொல்கிறான். வகுப்பில் அடிக்கடி தூங்கிவிடுகிறான். கண் டாக்டரிடம் காட்டவும்.' இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

டாக்டர் எதற்கு, நான் இல்லையா என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவனைக் கடைக்கு வரச் சொன்னேன். உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டினேன். ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் படித்தான். மற்ற கண்ணை மறைத்தேன். அதிலும் கடைசி வரி வரைக்கும் படித்தான். நாங்கள் அப்படித்தான் சோதிப்போம், ஒவ்வொரு கண்ணாக. ஒரு கண்ணை மூடிவிட்டால் அவனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்று உறைக்கவில்லை.

"ரெண்டு கண்ணையும் திறந்தாத்தாம்மா ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். "கதை விடாதடா, இறங்கு" என்றேன்.

அன்றே டீச்சருக்குப் பதில் எழுதினேன். ஒரு எழுத்து மறக்கவில்லை. 'நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். நானே சோதித்துவிட்டேன். பார்வையில் எந்தக் குறையும் இல்லை. படிப்பிலிருந்து தப்பிக்க நடிக்கிறான். தயவு செய்து கண்டிப்பாக இருங்கள்.'

நடிக்கிறான் என்பது என் சொல். டீச்சர் அதைத்தான் உங்களிடம் திருப்பிச் சொன்னார். நீங்கள் அதை நம்பித்தான் கையை ஓங்கினீர்கள்.

'அந்தக் கையால' என்று உங்களைச் சொன்னேனே, சொல்லும்போதே எனக்குத் தெரியும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்கள். உங்கள் தலை குனிந்திருக்கும் வரை யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள் என்று இருந்தது. இதைவிட வெட்கங்கெட்ட வரியை நான் எழுதப்போவதில்லை.

டீச்சர் சொல்லிவிடுவார் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லவில்லை. அவரால்தான் பிள்ளை அடி வாங்கினான் என்று தெருவில் பேசினார்கள். அப்போதும் சொல்லவில்லை. அந்தப் படியேறி அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஏன் முடியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

நாலு வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்று டாக்டர் நம்மிடம் சொன்னார். நீங்கள் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் அந்த அம்மாவிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான்.

சின்னவளின் அம்மா


செப்டம்பர் 29

சின்னவளின் அப்பாவுக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குப் போன் செய்கிறீர்கள். முன்பெல்லாம் வைக்கும்போது, "அம்மா என்ன பண்றா?" என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள். இப்போது கேட்பதில்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா உன்னைக் கேட்டாரும்மா" என்று சொல்கிறாள். ஸ்பீக்கரில் நீங்கள் பேசுவது சமையலறையில் எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் தேதி கூட்டத்துக்கு நான் போகிறேன். இந்தத் தடவை உள்ளே போவேன். மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான் கடையிலிருந்து கிளம்ப முடியும். நீங்கள் வர வேண்டும் என்று இல்லை.

சின்னவளின் அம்மா


அக்டோபர் 21

சின்னவளின் அம்மாவுக்கு,

பதில் எழுதாமல் இல்லை. ஒன்பது தடவை எழுதினேன். எதுவும் ஒரு பெண்ணுக்கு அனுப்புகிற மாதிரி இல்லை. கிழித்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கெல்லாம் பள்ளிக்கு வந்துவிட்டேன். முதல் ஆள் நான்தான். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருடத்தில் தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை.

நீ கேட்க வேண்டாம் என்றாய். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "என் வீட்டுக்காரி எழுதின சீட்டு உங்ககிட்ட இருக்கா டீச்சர்?" என்றுதான் கேட்டேன்.

"எந்தச் சீட்டு சார்? எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையே" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கண் மேசைக்குப் போய்விட்டது.

"அவளே எழுதிட்டா எனக்கு" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவங்க ஒரு சாயங்காலம் பார்த்தாங்க. நான் தினமும் பார்த்தேன் சார். ஒண்ணும் இல்லைன்னு அவங்க எழுதினதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது. நாப்பது பிள்ளைங்கள்ல ஒருத்தனைப் பத்தி இனிமே கவலைப்பட வேண்டாம்னு. அந்த நிம்மதியைத்தான் என்னால மறக்க முடியலை" என்றார். சீட்டை அவன் செத்த அன்றே கிழித்துவிட்டாராம். பெற்றவள் பேர் எதற்கு வெளியே வர வேண்டும் என்று.

திட்ட வந்த வாய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பிறகு அவர் சின்னவளைப் பற்றிச் சொன்னார். பென்சில் தொலைந்தால்கூடக் கேட்க மாட்டாளாம். யாராவது இடித்தால் இவள் மன்னிப்புக் கேட்பாளாம். "வாரத்துக்கு ஒரு தடவையாவது யார்கூடயாவது சண்டை போடச் சொல்லுங்க சார். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

வெளியே வந்தபோது சின்னு கதவுப் பக்கம் நின்றிருந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றுக்கே பஸ் இருந்தது, ஏறவில்லை. எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்றேன். பன்னிரண்டேகாலுக்கு நீ வந்தாய். வாசலில் நின்று இரண்டு தடவை முகத்தைத் துடைத்தாய். திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். உள்ளே போனாய். கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சீட்டு எழுதினதற்காக உன்மேல் கோபம் இல்லை. டீச்சர் சீட்டு என் கைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் நான் வீட்டில் இருந்தவரை என் கையைப் பார்த்தாயே. தட்டில் சாப்பாடு வைக்கும்போது பார்த்தாய். நான் சின்னவளின் தலையைத் தொடும்போது பார்த்தாய். என் வீட்டிலேயே நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும்தான் என்று நீ சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தை ஆளுக்குப் பாதியாகத் தூக்கியிருப்போம். அதைத்தான் விழுங்க முடியவில்லை. முயற்சி செய்தேன். தொண்டையிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வர மாட்டேன். பிப்ரவரியில் மறுபடி கூட்டம் இருக்கிறதாம். காலையில் நான் வருகிறேன். மதியம் நீ வா. அப்படியே நேரத்தைப் பிரித்துக்கொள்வோம். அவளுக்கு இரண்டு பேரும் வந்த மாதிரியும் இருக்கும்.

இன்னும் நாலு நாளில் அவன் போய் இரண்டு வருடம். அன்று மேலே ஏற மாட்டேன். லீவு சொல்லிவிட்டேன்.

சின்னவளின் அப்பா


டிசம்பர் 5

சின்னவளின் அப்பாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு வாய் இல்லை. நீங்கள் எழுதியது எல்லாம் நியாயம். நேரத்தைப் பிரித்துக்கொள்வதற்கும் சரி என்றுதான் இருந்தேன். அவளிடமும் சொன்னேன், "இனிமே காலையில அப்பா, மதியம் அம்மா" என்று. சரிம்மா என்றாள். அவள் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

இடைப்பருவத் தேர்வுத் தாள்கள் போன வாரம் வந்தன. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். கணக்கில் மட்டும் இருபதில் ஒன்பதுதான் போட்டிருக்கிறாள். போட்ட ஒன்பதும் சரி. பதினொன்று காலி. பென்சில்கூடப் படவில்லை. டீச்சரே என் கடைக்கு நடந்து வந்து தாளைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் நினைத்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை நான் சோதிக்கவில்லை. அன்று சாயங்காலமே கண் டாக்டர். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி. தலையைப் படம் எடுத்தார்கள். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். டீச்சரும் வந்திருந்தார். என் பக்கத்திலேயே இருந்தார். டாக்டர் வந்து, "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அதைப் பார்த்துத்தான் சின்னு பயந்துபோனாள். அன்றுதான் முதல் தடவையாக என்னிடம் அழுதாள்.

"அழாதேம்மா. தலையில ஒண்ணும் இல்ல. எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும்" என்றாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து பதினொன்றையும் போட்டுக் காட்டினாள். கால் மணி நேரம் ஆகவில்லை. ஒன்றும் தப்பில்லை. டீச்சர் நோட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"பின்ன ஏன்டி காலியா விட்டே?"

"நல்லா எழுதினா அப்பா தனியா வருவாரு, நீ தனியா வருவே. பெயிலானாத்தான் ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்வாங்க. அதான் ஸ்கூல் ரூல்."

ஆமாம், அப்படி ஒரு விதி இருக்கிறது, பாதி மார்க் எடுக்காவிட்டால் அங்கே பெயில்தான். டீச்சர் நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாளே முறைப்படி சீட்டு அனுப்பிவிட்டார். 'கணக்கில் தேர்ச்சி இல்லை. வரும் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெற்றோர் இருவரும் வரவும்.' இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்தை நான்தான் போட்டேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

வீட்டுக்கு வரச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் தொண்டையில் நிற்பது இன்னும் அங்கேயே இருக்கும் என்று தெரியும். என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னு வந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பாவுக்கு அவ்வளவு தூரம் வந்துபோவது கஷ்டம்டி, வரவில்லை என்றால் வருத்தப்படக் கூடாது என்றேன்.

"பதினஞ்சு நிமிஷம்தாம்மா ஆகும்னு எழுது. அதுக்கப்புறம் அப்பா போயிடலாம்" என்றாள்.

சின்னவளின் அம்மா